தமிழில் பெயரிட்ட கோப்புகளை மென்பொருள்கள் தொலைக்கலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஜூன் மாதம் என் தங்கை மகள் கல்லூரிச் சேர்க்கைக்கு இணையவழியில் விண்ணப்பித்தாள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் வீட்டிலேயே ஸ்கேன் செய்து, தமிழ்வழியில் படித்த பிள்ளை என்பதால் அந்தந்தச் சான்றிதழின் பெயரையே தமிழில் கோப்புக்கு இட்டு, ஒவ்வொன்றாகப் பதிவேற்றினாள். மூன்றுக்கும் பச்சை டிக் விழுந்தது. அனுப்புவதற்கு முன் எதற்கும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவோம் என்று பார்த்தபோது, மூன்று இணைப்புகளிலும் வருமானச் சான்றிதழே திறந்தது. மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் காணவில்லை. உதவி எண்ணில் பேசியவர், கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் அப்படித்தான் ஆகும், ஆங்கிலத்தில் மாற்றிப் போடுங்கள் என்று சொல்லி அழைப்பை முடித்துக்கொண்டார்.

இருபது ஆண்டுகளாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு அந்தப் பதில் பொறுக்கவில்லை. அதே மூன்று கோப்புகளின் தமிழ்ப் பெயர்களுக்கு முன்னால் 1, 2, 3 என்று எண்களை மட்டும் சேர்த்துப் பதிவேற்றச் சொன்னேன். மூன்றும் தனித்தனியாகச் சேர்ந்தன. நடந்தது என்னவென்று அதிலிருந்தே விளங்கிவிட்டது. பாதுகாப்புக்காகக் கோப்புப் பெயரைச் சுத்தம் செய்யும் நிரல், ஆங்கில எழுத்தும் எண்ணும் தவிர மற்ற அனைத்தையும் நீக்கியிருக்கிறது. தமிழ்ப் பெயர்கள் முழுவதும் உதிர்ந்து, மூன்று கோப்புகளுக்கும் பிடிஎஃப் என்ற பின்னொட்டு மட்டுமே பெயராக மிஞ்சியிருக்கிறது. ஒரே பெயர் என்பதால் இரண்டாவது முதலாவதை அழித்து, மூன்றாவது இரண்டாவதை அழித்து, கடைசியாக வந்தது மட்டும் தங்கியிருக்கிறது. எந்த இடத்திலும் ஒரு பிழைச்செய்திகூட வரவில்லை. திறந்து பார்க்காமல் அனுப்பிய மாணவர்கள் எத்தனை பேரோ என்ற கவலைதான் இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்காதே என்னும் அறிவுரை இன்று கணினி மையங்களிலும், கல்லூரி ஆய்வகங்களிலும், அரசு அலுவலகங்களிலும் கேள்வி கேட்பாரின்றி வழங்குகிறது. அது ஒரு காலத்தில் நியாயமான அறிவுரையாக இருந்தது என்பதை மறுக்கவில்லை. எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு மாறிய நாள்களில், தமிழ் எழுத்துருவில் தட்டிய பெயர் கோப்புப் பட்டியலில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரிந்தது. ஆனால், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் பொதுத் தரமான யூனிகோடு, 1991ஆம் ஆண்டு வெளியான முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்துவிட்டது. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த, அந்த எண்களைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறை இன்று இணையம் முழுவதும் நிலைபெற்றிருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடைத் தர முறையாக ஏற்றது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுமே தமிழ்ப் பெயரைக் குறையில்லாமல் சேமிக்கின்றன. கோப்பு ஓர் இயங்குதளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதுதான் கோளாறு வருகிறது. அந்தப் பயணத்துக்கு வழி செய்ய வேண்டியவர்கள் என்னைப் போன்ற மென்பொருளாளர்கள். எங்கள் கவனக்குறைவுக்குப் பயனாளர் தம் மொழியை விட்டுக்கொடுத்து ஈடுகட்ட வேண்டியதில்லை.

நானும் இந்தத் தவற்றைச் செய்தவன்தான். எங்கள் ஊர் வாசகசாலையின் பழைய ஆண்டு மலர்களை நண்பர்கள் சிலர் ஸ்கேன் செய்து வருகிறோம். அவற்றைச் சேர்த்துவைக்கும் சிறு மென்பொருளை எழுதியது நான். ஒருவர் மேக் கணினியிலிருந்து ‘கோயில் திருவிழா 1962’ என்ற கோப்பை அனுப்பினார். மற்றொருவர் அதன் கோணல் பக்கங்களைத் திருத்தி, அதே பெயரைத் தம் விண்டோஸ் கணினியில் தட்டிச் சேமித்து அனுப்பினார். திருத்திய கோப்பு பழையதன் இடத்தில் போய் அமரும் என்று எண்ணியிருந்தோம். லினக்ஸ் சர்வரில் பார்த்தால் ஒரே ஃபோல்டருக்குள் அதே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஓர் எழுத்து, ஒரு புள்ளி வேறுபாடில்லை. இரட்டிப்பு என்று கருதி ஒரு தன்னார்வலர் ஒன்றை நீக்கினார். அவர் நீக்கியது திருத்திய பிரதி. இரண்டு மாத உழைப்பு அதில் இருந்தது.

அன்றிரவு, காப்புப் பிரதியிலிருந்து அந்த இரண்டு பெயர்களையும் எடுத்து, கணினிச் சேமிப்பின் சிற்றலகான பைட் பைட்டாக அச்சிட்டுப் பார்த்தேன். ‘கோயில்’ என்னும் சொல் ஒன்றில் 18 பைட்டாகவும் மற்றதில் 21 பைட்டாகவும் இருந்தது. காரணம் ‘கோ’ என்ற எழுத்து. யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். இரட்டைக்கொம்பும் காலும் சேர்ந்த முழுக்குறிக்கு என்று தனியாக ஒரு குறியெண், அதாவது யூனிகோடு தரும் எண், உண்டு. இரட்டைக்கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என இரண்டு குறியெண்களை அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே ‘கோ’தான் தோன்றும். ஒகரக் குறிக்கும், ஔகாரக் குறிக்கும், ஔ என்னும் உயிரெழுத்துக்கும் இதே நிலைதான். இவ்விரண்டு வடிவங்களும் சமம் என்று யூனிகோடு தரமே சொல்கிறது. அவற்றில் ஒன்றைத் தேர்ந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றிக்கொள்ளும் வழியையும் அது வகுத்திருக்கிறது. சேர்த்து எழுதும் வடிவத்துக்கு என்எஃப்சி என்றும், பிரித்து எழுதும் வடிவத்துக்கு என்எஃப்டி என்றும் பெயர்.

இனி இயங்குதளங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்போம். ஆப்பிள் நிறுவனம் 1998இல் கொண்டுவந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்னும் கோப்பு முறை, அதாவது வட்டில் கோப்புகளை வைத்துப் பராமரிக்கும் ஏற்பாடு, எந்தப் பெயரைக் கொடுத்தாலும் அதைப் பிரித்த வடிவத்துக்கு மாற்றியே சேமித்தது. 2017இல் அதன் இடத்துக்கு வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த பெயரை அப்படியே வைத்துக்கொள்கிறது. தேடும்போது மட்டும் இரண்டு வடிவங்களையும் ஒன்றாகக் கருதுகிறது. ஆயினும், மேக்கிலிருந்து வரும் ஜிப் கோப்புகளில் பிரித்த வடிவப் பெயர்களை இன்றும் நான் காண்கிறேன். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் எதையும் மாற்றுவதில்லை, இரண்டையும் ஒன்றாகக் கருதுவதுமில்லை. லினக்ஸோ பெயரை எழுத்தாகவே பார்ப்பதில்லை; சாய்கோடும் பூஜ்ஜிய பைட்டும் இல்லாத எந்த பைட் வரிசையும் வழக்கமாக அதற்கு ஒரு பெயர். மேக்கில் ஒரே கோப்பாக இருக்கக்கூடியது மற்ற இரண்டிலும் இரண்டு கோப்புகளாக நிற்பதற்கு இதுவே காரணம். ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்களும் ஔ என்னும் உயிரெழுத்தும் இல்லாத பெயர்களில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. அதனால்தான் ‘தமிழ்’, ‘அம்மா’ என்று இரண்டு பெயர்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, தமிழ் நன்றாக வேலை செய்கிறது என்று சான்று தருகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ‘பொங்கல்’, ‘தோட்டம்’, ‘சௌந்தர்யா’ என்று போட்டுப் பார்க்க வேண்டும்.

என் மென்பொருளில் பிறகு நான் செய்த மாற்றம் மிகச் சிறியது. பயனாளர் கொடுத்த பெயரை அவர் கொடுத்தபடியே வைத்துக்கொள்கிறேன். இரண்டு பெயர்கள் ஒன்றா என்று ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றி ஒப்பிடுகிறேன். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் அதற்கு ஒரு வரி போதும். வட்டில் உள்ள கோப்புகளையெல்லாம் கேட்காமல் பெயர் மாற்றிவிடுவது தவறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தப் பெயரை நம்பி வேறு மென்பொருளோ வேறு ஆவணமோ இருக்கக்கூடும்.

இதனால் தீராத ஒரு வகைக் குழப்பமும் உண்டு. ‘கௌரி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பும் ககரமும் போட்டு, அடுத்து ளகர மெய்யின் அகரமேறிய எழுத்தைத் தட்டி ‘கெளரி’ என்று எழுதுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. ‘ஔவை’யும் அப்படித்தான் ‘ஒளவை’யாகிறார். ‘ஸ்ரீ’ என்பதையும் ஸகரத்தை வைத்து எழுதலாம். 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே உருவம். இவற்றை யூனிகோடு சமமாகக் கொள்வதில்லை என்பதால் எந்த வடிவமாற்றமும் இவற்றை ஒன்றாக்காது. ஸ்ரீரங்கம் என்று தேடினால் பாதிக் கோப்புகள் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். தமிழ் தெரிந்தவர் தமிழுக்கென்று எழுதும் ஒரு சரிபார்ப்பு மட்டுமே இங்கே உதவும். ஒருவேளை இதையா சொல்கிறீர்கள் என்று மென்பொருள் பயனாளரைக் கேட்கலாம். தானாகத் திருத்திவிடக் கூடாது.

சேர்க்கைத் தளத்தில் நடந்த கோளாறுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதைத் திருத்தப் போகிறவர் அரைகுறையாகத் திருத்துவார் என்ற அச்சம் எனக்கு உண்டு. ஆங்கில எழுத்து மட்டும் என்ற விதியை எடுத்துவிட்டு, எந்த மொழி எழுத்தானாலும் சரி என்று அவர் மாற்றுவார். பைத்தான் மொழியின் வழக்கமான சொல்லெழுத்து விதி, யூனிகோடு எழுத்து என்று வகைப்படுத்திய குறியெண்களை ஏற்கும். ஆனால், நம் புள்ளியும் கொம்பும் காலும் சுழியும் யூனிகோடில் எழுத்து என்ற வகையில் வருவதில்லை. அவை குறி என்ற தனி வகையைச் சேர்ந்தவை. அந்த விதியைக் கொண்டு சுத்தம் செய்தால் ‘கோயில்’ என்பது ‘கயல’ ஆகிவிடும். ‘மீன்’ என்பதும் ‘மான்’ என்பதும் ‘மன’ என்ற ஒரே பெயராகி, ஒன்றன்மேல் ஒன்று போய் விழும். எழுத்து, குறி, எண் ஆகிய மூன்று வகைகளையும் அனுமதிக்க வேண்டும். இன்னும் நல்ல வழி, சர்வரில் கோப்பைத் தானே உண்டாக்கிய ஓர் எண்ணில் சேமித்து, பயனாளர் இட்ட பெயரைத் தரவுத்தளத்தில் தனியாகக் குறித்துவைப்பது. அப்போது எந்த மொழிப் பெயராலும் எந்தக் கோப்பும் அழியாது; பாதுகாப்புக்கும் அதுவே மேல்.

பெயரின் நீளமும் ஒரு தடை. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் பெயருக்கு 255 பைட் எல்லை. யுடிஎஃப்-8இல் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக, 85 குறியெண்களோடு இடம் தீர்ந்துவிடும். பிடிஎஃப் பின்னொட்டையும் சேர்த்தால் 83தான். ‘மாற்றுத்திறனாளிகளுக்கான’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் 13 எழுத்து. கணினிக்கு அது 23 குறியெண், 69 பைட். எல்லையில் கால் பங்குக்கு மேல் ஒரே சொல்லில் போய்விட்டது. விண்டோஸில் எல்லை 255 பைட் அன்று, 16 பிட் அலகுகளில் 255. தமிழ்க் குறியெண்ணுக்கு அங்கே ஓர் அலகு போதும். எனவே அலுவலக விண்டோஸ் கணினியில் அரசாணையின் தலைப்பை முழுமையாகப் பெயராக இட்டுச் சேமித்த கோப்பு, லினக்ஸ் சர்வருக்கு ஏறும்போது மறுக்கப்படுகிறது. சில மென்பொருள்கள் மறுக்காமல் 255ஆவது பைட்டில் வெட்டிவிடுகின்றன. அந்த இடம் ஓர் எழுத்தின் நடுவாக இருந்தால் கடைசி எழுத்து சிதைந்து, கோப்பைத் திறக்கவோ நீக்கவோ முடியாமல் பயனாளர் திண்டாடுகிறார். வெட்டத்தான் வேண்டுமென்றால் உயிர்மெய்யின் எல்லையில் வெட்ட வேண்டும். ககரத்தை வைத்துக்கொண்டு அதன் கொம்பைத் தள்ளிவிடக் கூடாது.

ஜிப் பற்றி எல்லோருக்கும் அனுபவம் இருக்கும். அந்த வடிவம் 1989இல் பிறந்தபோது பெயர்கள் ஐபிஎம் கணினியின் 437ஆம் குறியீட்டுப் பக்கத்தில், அதாவது எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் பழைய பட்டியலில், இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். பெயர் யுடிஎஃப்-8இல் இருக்கிறது என்று அறிவிக்கும் அடையாள பிட் 2006இல்தான் விதிமுறையில் சேர்ந்தது. அந்த பிட்டை வைக்காமல் சுருக்கும் மென்பொருளும், வைத்திருந்தும் பார்க்காமல் விரிக்கும் மென்பொருளும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. விளைவாக, ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் கிரேக்க ஆல்பாவில் தொடங்கும் மூன்று மூன்று குறிகளாக உடைகிறது. மேற்கு ஐரோப்பியக் குறியீட்டில் படித்தால் தலையில் சாய்கோடிட்ட a என்னும் ஆங்கில எழுத்தும், பெரும்பாலும் அதை ஒட்டி வட்டத்துக்குள் ஆர் என்ற பதிவுக்குறியும் திரும்பத் திரும்ப வரும். அதைப் பார்த்ததும் கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் அழித்துவிடுகிறார்கள். கோப்பு கெடவில்லை; பெயரைத் தவறான குறியீட்டில் படித்திருக்கிறார்கள், சரியான குறியீட்டைச் சொன்னால் பெயர் மீண்டு வரும். அழிப்பதற்கு முன் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

விண்டோஸில் வேறு ஒரு பழைய வினை தொடர்கிறது. யூனிகோடுக்கு முந்தைய முறையில் எழுதிய நிரல்கள் பெயர்களை அந்தந்த மொழியின் குறியீட்டுப் பக்கத்துக்கு மாற்றிப் படிக்கும். ரஷ்ய மொழிக்கும் ஜப்பானிய மொழிக்கும் அப்படி ஒரு பக்கம் உண்டு. தமிழுக்கு மைக்ரோசாஃப்ட் அப்படி ஒன்றை உண்டாக்கவே இல்லை. தமிழ் அங்கே யூனிகோடு மட்டும் கொண்ட மொழி. ஆகவே அந்த நிரல்களின் கண்ணில் தமிழ்ப் பெயர் முழுவதும் கேள்விக்குறிகள்தான், கேள்விக்குறியோ விண்டோஸ் கோப்புப் பெயரில் வரவே கூடாத குறி. 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, நிரலின் அறிவிப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து அதை யுடிஎஃப்-8இல் இயங்கச் செய்யலாம். பழைய நிரல்களைப் பராமரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அலுவலகப் பயனாளர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ‘ந.க.எண்’ என்று எழுதி எண்ணுக்கும் ஆண்டுக்கும் நடுவே சாய்கோடு இடுவதும், ‘நாள்’ என்பதை அடுத்து முக்காற்புள்ளி வைப்பதும் நம் எழுத்து வழக்கம். கோப்புப் பெயரில் இவை செல்லா. சாய்கோட்டை விண்டோஸும் லினக்ஸும் ஏற்கா, முக்காற்புள்ளியை விண்டோஸ் ஏற்காது. அதுபோல, லினக்ஸில் ‘வ.உ.சி.’ என்று புள்ளியோடு முடியும் ஃபோல்டரை உண்டாக்கிவிட்டு அதை விண்டோஸில் திறக்க முயன்றால் பெரும்பாடு. கடைசிப் புள்ளியை விட்டுவிட்டால் சிக்கல் இல்லை. இது மொழியைச் சார்ந்த கட்டுப்பாடு அன்று. ஆங்கிலப் பெயருக்கும் இதே விதிதான்.

மென்பொருள் பயிலும் மாணவர்கள், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்னும் கருவியில் தமிழ்ப் பெயரிட்ட கோப்பைச் சேர்த்தவுடன், ‘த’ என்ற எழுத்து 340, 256, 244 என்ற எண்களாகத் தெரிவதைப் பார்த்து மிரள்கிறார்கள். ஆங்கிலம் தவிர்த்த பைட்டுகளை எட்டை அடியாகக் கொண்ட எண்களில் காட்டுவது அதன் இயல்பு நிலை. அமைப்பு ஒன்றை மாற்றினால் தமிழாகவே காட்டும். மேக்கின் பிரித்த வடிவப் பெயர்களைச் சேர்த்த வடிவமாக்கிக்கொள்ளும் வசதியும் 2012 முதல் அதில் இருக்கிறது. இவற்றை முதல் ஆண்டு ஆய்வக வகுப்பிலேயே ஆசிரியர்கள் காட்டிவிடலாம்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் ஒரு மென்பொருளைப் பெற்றுக்கொள்ளும் முன் ஒரு சோதனை ஃபோல்டரை அதற்குள் செலுத்திப் பார்க்க வேண்டும். அதில் ‘கோயில்’ இரண்டு வடிவத்திலும் (மேக் இரண்டையும் ஒன்றாகக் கருதும் என்பதால் தனித்தனி உள்ஃபோல்டர்களில்), ‘கௌரி’யும் ‘ஸ்ரீ’யும் இரண்டு விதத்திலும், ‘மீன்’, ‘மான்’ இரண்டும், 83 குறியெண் நீளமுள்ள ஒரு பெயரும், தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு பெயரும் இருக்கட்டும். விண்டோஸில் பதிவேற்றி, லினக்ஸ் சர்வரில் சேமித்து, ஜிப்பாக்கி, மேக்கில் விரித்துப் பார்த்து, போட்டதெல்லாம் போட்டபடி திரும்புகிறதா என்று எண்ணிப் பார்த்தால் போதும். அரை மணி நேர வேலை. இந்தச் சோதனையில் தேறாத மென்பொருளைப் பெற்றுக்கொள்வதில்லை என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

என் தங்கை மகள் கடைசியில் மூன்று கோப்புகளுக்கும் ஆங்கிலப் பெயர் சூட்டித்தான் விண்ணப்பத்தை அனுப்பினாள். அந்தத் தளத்தின் நிர்வாகத்துக்கு நடந்ததை விளக்கி, திருத்தும் வழியையும் எழுதி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். அடுத்த ஆண்டுச் சேர்க்கை தொடங்குவதற்குள் அது சரிசெய்யப்பட வேண்டும். அதுவரை, எந்தத் தளத்தில் சான்றிதழ் பதிவேற்றினாலும், அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் ஒவ்வொரு கோப்பையும் திறந்து சரிபார்த்துவிடுமாறு மாணவர்களையும் பெற்றோரையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மென்பொருளாளர், திருச்சிராப்பள்ளி